ஆணி அடிக்கக் கூடாத சுவர்

உங்கள் மேசைக்குப் பின்பக்கத்து இடது கால் கொஞ்சம் குட்டை, ஐயா. நீங்கள் எழுதும்போதெல்லாம் ஆடுகிறது. ஒரு அட்டையை நான்காக மடித்து அந்தக் காலுக்கு அடியில் கொடுத்தால் போதும், நின்றுவிடும். வந்து உட்கார்ந்ததிலிருந்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஆடுகிற சாமானைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

பெயர் சுந்தரம். வயது ஐம்பத்தாறு. காரைக்குடியில் இருபத்திரண்டு வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா மரவேலை ஆசாரி. நான் இரும்புக்கு மாறிக்கொண்டேன். கேட், கிராதி, மாடிப்படிக் கைப்பிடி என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் என் கை படாத தெரு குறைவு. எதுவும் ஒட்டு விட்டதில்லை, எதுவும் சாய்ந்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான் புரியும்.

கண்டனூர் தேனப்பன் செட்டியார் வீட்டிலிருந்து போன பங்குனியில் ஆள் வந்தது. அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஒன்பது பங்காளிகளுக்குப் பொது. எட்டுப் பேர் மெட்ராஸிலும் பினாங்கிலும் இருக்கிறார்கள், கல்யாணம் காட்சி என்றால்தான் வருவார்கள். ஊரோடு இருப்பவர்கள் செட்டியாரும் அவர் மனைவி சீதாலட்சுமி ஆச்சியும்தான். பாத்திரம் பண்டங்களைப் பார்த்துக்கொள்ள மலையம்மாள் என்று ஒரு அம்மா இருந்தது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அந்த வீட்டில் எந்தத் தவலையில் யார் பெயர் வெட்டியிருக்கிறது என்று எழுதப் படிக்கத் தெரியாமலே சொல்லும்.

சீர் சாமான் வைத்திருந்த அறையில் மரத்தட்டு முழுக்கக் கறையான் தின்றுவிட்டது. ஆவணியில் செட்டியார் பேத்திக்குக் கல்யாணம். அதற்குள் சாமான் முழுவதையும் கார் ஷெட்டுக்கு மாற்றி, அங்கே இரும்பில் ஒரு ரேக் அடித்துவிட வேண்டும் என்று கூப்பிட்டு அனுப்பியிருந்தார். நல்ல யோசனை. நானும் அப்படித்தான் சொன்னேன்.

டேப்பைப் போட்டு அளந்தேன். நீளம் பன்னிரண்டு அடி. சாமான் மலை போல இருந்ததால் உயரம் ஒன்பது அடிக்குக் குறையாது. ஆழம் மட்டும் ஒன்றேகால் அடிக்கு மேல் கூடாது என்றார். காரணம் கார். அந்தக் கார் வருடத்துக்கு நாலு தடவை வெளியே போகும், மற்ற நாளெல்லாம் துணி போர்த்தி நிற்கும். ஆனாலும் அதன் கதவு முழுசாகத் திறக்க வேண்டும்.

ஒன்பது அடி உயரம், ஒன்றேகால் அடி ஆழம். கையை விட்டால் விழும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சுவரில் எட்டு இடத்தில் ஓட்டை போட்டு, கிளாம்பு பதித்து, ரேக்கை அதோடு முடுக்க வேண்டும் என்று சொன்னேன். அங்கேதான் ஆரம்பித்தது.

"ஏப்பா சுந்தரம், அது முட்டைச் சுண்ணாம்பு பூசின சுவரு. எங்க அப்பச்சி காலத்துது. ஒம்பது பங்காளிக்கும் பொது. நான் இன்னைக்கு ஒரு ஆணி அடிச்சா நாளைக்கு ஆளுக்கொரு ஆணி அடிப்பான். சுவத்துல கை வைக்கப்படாது" என்றார்.

"எட்டே எட்டு ஓட்டைங்கய்யா. நான் பூசிக் குடுத்துர்றேன். எங்க போட்டேன்னு நீங்களே தேடுவீக."

"ஒம்பது கையெழுத்து வாங்கிட்டு வா, போட்டுக்க."

கடிதம் எழுதிக் கேளுங்கள் என்றேன். ஒரு பங்காளியோடு பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். சரி, மேலே உத்திரத்தோடு சேர்த்துக் கட்டலாம் என்றேன். உத்திரமும் பொது என்றார். ரேக்கின் காலை முன்னால் ஒரு அடி நீட்டிக்கொள்ளலாம் என்றேன். கார்க் கதவு இடிக்கும் என்றார். உயரத்தைப் பாதியாக்கி எதிர்ப்பக்கம் இன்னொன்று போடலாம் என்றேன். எதிர்ப்பக்கம் மெட்ராஸ்காரர் பங்கு என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பதில் தயாராக இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது, ஐயா. மறைக்கவில்லை. வேலை தெரியாதவன் வேலை தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் போல எரிச்சலூட்டுவது வேறொன்று கிடையாது.

வேலையை விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கிளம்பத்தான் எழுந்தேன். அப்போது செட்டியார் சொன்னார், "ஒரு சாமானை அதோட சொந்தக் கால்ல நிக்க வைக்கத் தெரியலைன்னா சொல்லிரு. நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்." மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றரை அங்குல ஆங்கிள் இரும்பில் அடித்தேன். முன்னால் நாலு கால், பின்னால் நாலு கால், ஐந்து தட்டு. அடித்தட்டு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், கூட்டிப் பெருக்க வசதியாக. பட்டறையில் துண்டு துண்டாக வெல்டு வைத்து, சித்திரையில் மாட்டுவண்டியில் கொண்டுபோய் அங்கே போல்ட் போட்டு முடுக்கினேன். அப்படி ஒரு ரேக் இந்தச் சீமையில் எந்த வீட்டிலும் கிடையாது. மலையம்மாள் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "யானை கட்டலாம் போல இருக்குண்ணே" என்றது.

அதற்குப் பிறகு சாமான் அடுக்கினார்கள். நான் நின்றுகொண்டிருக்கும்போதே அடுக்கினார்கள். செட்டியாரின் அம்மா வீட்டுச் சீர் எல்லாவற்றுக்கும் மேல் தட்டில். வெண்கலக் கொப்பரை, செப்பு அண்டா, ஆள் உயரத்தில் பாதி இருக்கும் குத்துவிளக்கு. அதற்குக் கீழே ஆச்சி கொண்டுவந்த பித்தளை. அதற்குக் கீழே மருமகள் கொண்டுவந்த எவர்சில்வர். அடியில் இருந்த இரண்டு தட்டிலும் அலுமினியமும் பிளாஸ்டிக் வாளியும். அந்தக் காலத்துச் சாமான் கனம், இந்தக் காலத்துச் சாமான் லேசு. மேலே போகப் போக எடை ஏறியது. கொப்பரையின் வயிறு தட்டுக்கு வெளியே அரை முழம் தள்ளிக்கொண்டு நின்றது.

"அய்யா, கனத்தைக் கீழ வைங்க. கிளாம்பும் வேண்டாங்கிறீக, கனத்தையும் மேல ஏத்துறீக" என்றேன்.

ஆச்சி குறுக்கே வந்தார். "எங்க மாமியா சாமான அடியில வச்சுட்டு, அதுக்கு மேல மருமக சாமான வைக்கிறதா? அப்புடி வைக்கப்படாதுப்பா. பாக்குறவுக என்ன சொல்லுவாக?"

செட்டியார் சிரித்தார். "ஒனக்கு இரும்பு தெரியும். ஆத்தா சாமானப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

எனக்குத் தெரிந்தது எடை மட்டும்தான். அதை அங்கே கேட்பார் இல்லை.

இப்போது தகடு. நீங்கள் மேசை மேல் வைத்திருக்கிறீர்களே, அந்த நாலு தகடும் என்னுடையவைதான். கார் கழுவும் தண்ணீர் நடுவில் இருக்கும் வாய்க்காலுக்கு ஓடுவதற்காக ஷெட்டின் தரை இரண்டு பக்கமும் சரிவாகப் போட்டிருக்கிறது. சுவரோரமாக எதை வைத்தாலும் கொஞ்சம் முன்னால் சாயும். அதனால் அன்று மாலை எல்லாரும் உள்ளே போனதும், முன்னங்கால் நாலுக்கும் அடியில் அரை அங்குலத் தகடு ஒவ்வொன்று கொடுத்தேன். ரேக் பின்னால் சாய்ந்து சுவர் மேல் முதுகை வைத்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. கூலியில் சேராத வேலை. அந்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்று நினைத்துச் செய்த வேலை அது. அதையும் எழுதுங்கள், ஏனென்றால் நான் எப்படிப்பட்டவன் என்று அதில் தெரியும்.

ரேக் நின்றது. வைகாசி முழுக்க நின்றது.

ஆனி மாதம் நாச்சியாபுரத்தில் ஒரு வீட்டுக்கு கேட் அளவெடுக்கப் போனேன். அங்கே தேனப்பன் செட்டியாரும் விருந்தாளியாக வந்திருந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஒரே உற்சாகம்.

"இவந்தாம்ப்பா. என் சுவத்துல எட்டு ஓட்டை போட்டே தீருவேன்னு ஒத்தக் கால்ல நின்னவன். நான் முடியாதுன்னுட்டேன். ரேக் அசையுதா? கடுகத்தனை அசையல. கனத்தை மேல வைக்காதீகன்னான். வச்சேன். என்னாச்சு? இவன் பேச்சக் கேட்டிருந்தா சுவரு போயிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சாப்பிட்டுவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு. வீட்டுக்காரர் டேப்பை என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டிக் கொடுத்து, கேட் விஷயம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த கேட்டைப் பிறகு வேறு ஒருவன் செய்தான். அதன் கீல் இப்போதே இறங்கிவிட்டது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

தகட்டைப் பற்றி அங்கேயே சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன ஆகும்? கிளாம்பு இல்லாமலும் நிற்க வைக்கலாம் என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். சொல்லாவிட்டால் செட்டியார் சொன்னது சரி என்று ஆகிவிடும். என் தகட்டை வைத்து அவர் என்னை முட்டாளாக்கிக்கொண்டிருந்தார், அது அவருக்கே தெரியாது. சைக்கிளை மிதித்துக்கொண்டு வரும்போது வழியெல்லாம் இதையே நினைத்தேன். பட்டறையில் போய் நின்றால் வேலைக்கு வருகிறவன் எல்லாம் மனசுக்குள் சிரிக்கிறான் என்று தோன்றியது. என் சம்சாரம் வள்ளிக்கண்ணு, "ரெண்டு ஆளு சிரிச்சதுக்கு இப்புடியா ஒடிஞ்சு போவீக?" என்று கேட்டது. இரண்டு பேர் இல்லை, பத்துப் பன்னிரண்டு பேர் என்று சொன்னேன்.

ஒன்றரை மாதம் பொறுத்தேன். ஆடி கடைசி வெள்ளிக்கிழமை செட்டியாரும் ஆச்சியும் காரில் கோயிலுக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஜாக்கியை சைக்கிளில் கட்டிக்கொண்டு கண்டனூர் போனேன். உச்சி வெயில். மலையம்மாள்தான் ஷெட்டைத் திறந்துவிட்டது.

"என்ன ஆசாரியண்ணே, இந்த வெயில்ல?"

"போல்ட்டு தளந்திருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் தாயி."

"நல்ல வேளைக்கு வந்தீக. கல்யாணத்துக்கு மேல இருக்கிறத எல்லாம் எறக்கித் தேய்க்கணும். ஏறுறப்பல்லாம் எனக்கு நெஞ்சு திக்குதிக்குங்குது. நீங்க ஒரு கை பாத்துட்டுப் போனா எனக்கு ஒரு தைரியம்."

மோர் கொண்டுவந்து கொடுத்தது. குடித்தேன். பிறகு குப்புறப் படுத்து அடித்தட்டுக்குக் கீழே ஊர்ந்து போனேன். ஜாக்கியைக் கொடுத்து ஒவ்வொரு முன்னங்காலாகத் தூக்கி, தகட்டை உருவி வெளியே தள்ளினேன். என் தகடு, நான் எடுத்துக்கொண்டேன். அதில் குற்றம் என்ன இருக்கிறது? செட்டியார் பேச்சுப்படி ரேக் சொந்தக் காலில் நிற்க வேண்டியதுதானே. அந்த அம்மா தகட்டைப் பொறுக்கி முந்தானையில் துடைத்து வைத்துக்கொண்டது. நான் இன்னும் உள்ளேதான் படுத்திருந்தேன். தூசி கண்ணில் விழுந்துகொண்டிருந்தது.

"இத எங்கண்ணே வைக்கணும்?" என்று குனிந்து கேட்டது.

தகட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் வந்தேன், ஐயா. அப்படித்தான் எனக்கு ஞாபகம். ஆனால் அந்த அம்மா கேட்டதும், "இங்குட்டுக் கொடு, பின்னங்காலுக்கு" என்று சொன்னேன். ஒவ்வொன்றாக நீட்டியது. ஒவ்வொன்றாக வாங்கி வைத்தேன். நாலு கால், அரை மணி நேரம் ஆகியிருக்கும். எழுந்து பார்த்தேன். மேலே சுவருக்கும் ரேக்குக்கும் நடுவில் நாலு விரல் நுழையும் இடைவெளி விழுந்திருந்தது. அண்ணாந்து பார்த்தால் யாருக்கும் தெரியும். ஒருவரும் பார்க்கவில்லை. அதற்கும் நான்தான் பொறுப்பா?

"இப்ப பயமில்லாம ஏறலாமாண்ணே?"

"ஏறலாம்" என்றேன்.

மோர்ச் செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

எட்டு நாள் கழித்து, ஆவணி மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு விழுந்தது. மலையம்மாள் இரண்டாவது தட்டில் கால் வைத்து ஏறி, மேல் தட்டிலிருந்த வெண்கலக் கொப்பரையைத் தன் பக்கமாக இழுத்திருக்கிறது. எனக்குச் செய்தி வரப் பன்னிரண்டு மணி ஆனது. உடனே கிளம்பினேன். பையில் எட்டுக் கிளாம்பும் உளியும் சுத்தியலும் இருந்தன. அது எப்படி முன்கூட்டியே தயாராக இருந்தது என்று அன்றைக்கே உங்கள் ஏட்டையா கேட்டார். சித்திரையிலேயே செய்து வைத்தவைதான். எப்போது கூப்பிட்டாலும் போக வேண்டும் என்று பையிலேயே கிடந்தன.

செட்டியார் கார் ஷெட் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை. அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ சொன்னியேப்பா. படிச்சுப் படிச்சுச் சொன்னியே. நான் கேக்கலையே" என்று அழுதார். அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் ஒன்றரை மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. உள்ளதைச் சொல்கிறேன். அந்த அம்மாவைக் காருக்குப் போர்த்துகிற துணியால் மூடி ஓரத்தில் படுக்க வைத்திருந்தார்கள். பார்த்தேன். கும்பிட்டேன். பிறகு ரேக்கைப் போய்ப் பார்த்தேன். கவிழ்ந்து கிடந்தாலும் ஒரு வெல்டு விட்டிருக்கவில்லை.

நீங்கள் அன்று மாலையே வந்து தகட்டை எடுத்துக்கொண்டு போனீர்கள். தரையில் முன்னங்கால் இருந்த இடத்தில் நாலு துருப்பிடித்த சதுரம் இருந்தது, தகடோ சுவரோரம் கிடந்தது. அதைப் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள், நல்ல கண். மறுத்திருக்கலாம். ஆனால் விளிம்பை அரம் போட்டுத் தேய்த்த தகடு அது. வேறு எவனும் காலுக்கடியில் போகிற தகட்டுக்கு அரம் போடமாட்டான். என் வேலையை என் வேலை இல்லை என்று சொல்ல எனக்கு வராது. நாலாம் நாள் செட்டியாரே கூப்பிட்டு அனுப்பினார். எட்டுக் கிளாம்பும் பதித்துவிட்டு வந்தேன். ஒரு பங்காளியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கனத்தைக் கீழேயும் லேசை மேலேயும் வைத்துக்கொடுத்தேன். இனி அந்த ரேக் நூறு வருடம் நிற்கும்.

மலையம்மாளைக் கொல்ல நினைத்தாயா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். அந்த அம்மாவோடு எனக்கு என்ன பகை? செட்டியாருக்குப் புத்தி வர வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். ஆள் இல்லாத நேரத்தில் விழும், நாலு பாத்திரம் நசுங்கும், என்னைக் கூப்பிடுவார்கள் என்று இருந்தேன். யாராவது அடிபட்டாலும் அது செட்டியாராகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கலாம். இப்படி எழுதிக்கொண்டால் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

செட்டியார் என்றைக்காவது அந்த ரேக்கில் ஏறியிருக்கிறாரா என்று கேட்டால், இல்லை. அவர் குடிக்கிற தண்ணீரையே யாராவது கையில் கொடுக்க வேண்டும். ஆச்சிக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டார். வேறு யார் ஏறுவார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லலாம் என்றுதான் வந்தேன். நீங்கள் வேறு மாதிரி கேட்டுவிட்டீர்கள். இரண்டாவது தட்டு ஏன் தரையிலிருந்து இரண்டடி ஓரங்குலம், ஏன் சரியாக இரண்டடி இல்லை என்று. எழுதிக்கொள்ளுங்கள். பங்குனியில் அளவெடுத்த அன்று மலையம்மாளைச் சுவரோரம் நிற்க வைத்து, சேலையைக் கொஞ்சம் ஒதுக்கிக் காலைத் தூக்கச் சொல்லி, பாதம் எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்த அளவுக்குத்தான் தட்டை வைத்தேன்.